இன்சைட் மேன்: லாக்கர் அறையில் வேலை பார்த்தவளுக்குப் பிடித்த கொள்ளைப் படம்

வங்கிக் கொள்ளைப் படம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். திருப்பூரில் பல வருடம் கேஷ் கவுண்டரிலும் லாக்கர் அறையிலும் வேலை பார்த்தவள் நான். எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு ஒரு சாவி மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டு பேரும் சேர்ந்து போகாமல் கதவு அசையாது. சினிமாவில் ஒருவரை மிரட்டியதும் பெட்டகம் திறந்துவிடும், பணத்தை மூட்டை கட்டுவார்கள். ஸ்பைக் லீ 2006-இல் எடுத்த ‘இன்சைட் மேன்’ அப்படிப்பட்ட படமில்லை.

நியூயார்க்கில் ஒரு வங்கிக் கிளை. பெயின்டர் உடையில் சிலர் நுழைந்து கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் அதே உடை, அதே முகமூடி போட்டுவிடுகிறார்கள். யார் திருடன், யார் பிணைக்கைதி என்று போலீஸுக்குப் பிடிபடாது. தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வதும் ஸ்டீவ், ஸ்டீவி என்றுதான். கூட்டத் தலைவன் கிளைவ் ஓவன். வெளியே நின்று பேச்சு நடத்தும் துப்பறிவாளர் டென்ஸெல் வாஷிங்டன். பிடிபட்டவர்களைப் பின்னால் விசாரிக்கும் காட்சிகளை நடுநடுவே காட்டிக்கொண்டே போகிறார்கள். விடிந்தால் என்ன ஆகும் என்று ஓரளவு தெரிந்தும் பதற்றம் குறையவில்லை.

தலைவனின் கண் நோட்டுக் கட்டில் இல்லை, 392 என்ற எண்ணுள்ள ஒரு லாக்கரில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முகூர்த்த மாதம் வந்தால் எங்கள் லாக்கர் அறை வாசலில் கூட்டம் நிற்கும். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, வங்கியின் சாவியை முதலில் நான் போட்டுத் திருப்புவேன். அப்புறம் அவர்கள் தங்கள் சாவியைப் போடுவார்கள். ‘டக்’கென்று விடுபட்டதும் நான் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே ஆரமா, அட்டிகையா, தோட்டத்துப் பத்திரமா, எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. திருட்டு நடந்தால் வங்கி ஆண்டு வாடகையில் 100 மடங்கு வரைதான் பொறுப்பு என்பது 2022-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. உள்ளே இருந்ததன் மதிப்பு அந்தக் கணக்கிலேயே வராது. வங்கியை நிறுவியவரே தன் லாக்கரை நினைத்து நடுங்குவதை வைத்துக் கதை கட்டியிருப்பது அருமையான யோசனை. கிறிஸ்டோபர் பிளம்மர் அந்த நடுக்கத்தைக் குரல் உயர்த்தாமலேயே காட்டிவிடுகிறார்.

திருடன் போலீஸிடம் ஒரு விடுகதை போடுகிறான். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைக் கடந்து போகும் ரயில்கள் கனமா, அமெரிக்க நோட்டு அச்சடிக்க வெட்டிய மரங்கள் கனமா? மரம் என்றதுமே எனக்கு விடையில் பாதி தெரிந்துவிட்டது. டாலர் நோட்டுத் தாளில் பெரும்பங்கு பருத்தி. நம் ரூபாய் நோட்டும் பருத்திதான். சனிக்கிழமைதோறும் பனியன் கம்பெனிச் சம்பளத்துக்குக் கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்த விரல்களுக்கு அது தெரியாமல் போகுமா?

படம் ஆரம்பித்ததும் ஒலிப்பது ரஹ்மானின் ‘சைய்ய சைய்யா’. “அத்தை, இது நம்ம ஊட்டி ரயில் பாட்டுங்க!” என்று தம்பி மகன் கத்தினான். ‘உயிரே’ படத்தில் ‘தைய்ய தைய்யா’ என்று வந்த அதே பாட்டு; மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் ரயிலின் கூரையில் ஆடியது. நியூயார்க் தெருக்களுக்கு அந்தத் தாளம் அப்படிப் பொருந்துகிறது.

மனதை வாட்டியது ஒரு சீக்கியர் வரும் காட்சி. வங்கியிலிருந்து விடப்பட்டு வெளியே வந்தவரை, அரபுக்காரர் என்று சொல்லிப் போலீஸ் அடித்துத் தலைப்பாகையைப் பிடுங்கிவிடுகிறது. தலைப்பாகையைத் திருப்பித் தந்தால்தான் பேசுவேன் என்கிறார் அவர். கதை நகர அந்தக் காட்சி தேவையில்லை. ஆனால் அதை வைத்ததற்காகவே ஸ்பைக் லீயை மதிக்கிறேன்.

குறை என்றால் ஜோடி ஃபாஸ்டரின் பாத்திரம். பெரிய இடத்துக் காரியங்களை ஓசையில்லாமல் முடித்துத் தருபவராக மிடுக்காக வருகிறார். பிற்பாதியில் அவருக்கு வேலை குறைந்துவிடுகிறது. கொள்ளை முடிந்த பிறகும் படம் கொஞ்சம் நீளம்தான்.

கெட்ட வார்த்தை ஏராளம், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம். பாட்டுக்கு முன்னால் திருடன் நேராக நம்மைப் பார்த்துப் பேசுவான். அப்போது போனை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன் என்கிறான், கடைசியில் அந்தப் பேச்சு முழுவதும் தேவைப்படும்.