தொகு, வரலாறு, உரையாடல்: கட்டற்ற அறிவுத் தளங்களில் பன்னிரண்டு ஆண்டுகள்

விக்கிப்பீடியாவில் என் முதல் திருத்தம் இரண்டே எழுத்து. அறிஞர் ஒருவர் இளமையில் ‘பல்லியில்’ படித்ததாகக் கட்டுரை சொன்னது. ‘தொகு’ என்று இருந்த இடத்தை அழுத்தினேன். பெயர் கேட்கவில்லை, கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. ல-வை ள-ஆக்கிச் சேமித்ததும் பக்கம் மாறிவிட்டது. அது 2012. மகிழ்ச்சியைவிட அப்போது எனக்கு வந்தது சந்தேகம்தான். நான் திருத்தலாம் என்றால் இன்னொருவர் கெடுக்கலாமே? இதை நம்பியா இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன்?

அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. அதை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. விக்கிப்பீடியா, பழைய நூல்களைச் சேர்க்கும் விக்கிமூலம், அகராதியான விக்சனரி, உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆகிய நான்கிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் செலவிடுகிறேன். நான் எழுதிய கட்டுரைகள் குறைவு, திருத்திய பிழைகளே அதிகம். மெய்ப்பு பார்ப்பவனின் குறுகிய பார்வை இந்த அனுபவத்தில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். கணக்குத் தொடங்கிய மறு வாரமே ஒரு முழுக் கட்டுரை எழுதினேன். எழுதினேன் என்பது சற்று மிகை. அச்சில் வந்த கலைக்களஞ்சியம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாக்கியங்களில் சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டேன். அரை மணி நேரத்தில் கட்டுரை நீக்கப்பட்டது. மற்றவர்கள் எனக்குச் செய்தி விடும் பேச்சுப் பக்கத்தில் பதிப்புரிமை மீறல் என்று பணிவான குறிப்பு ஒன்று இருந்தது. அந்தப் பணிவுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இலவசமாக உழைக்க வந்தவனை இப்படி நடத்துவதா என்று நண்பர்களிடம் புலம்பினேன்.

திரும்பி வந்து விதிகளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தகவலுக்கு உரிமையாளர் இல்லை, அதைச் சொன்ன சொற்களுக்கு உண்டு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள்வரை அந்த உரிமை நீடிக்கும். விக்கிப்பீடியாவில் எழுதும் எதையும் யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், புத்தகமாக்கி விற்கவும் செய்யலாம். ஆக்கியவர்களைக் குறிப்பிட வேண்டும், மாற்றிய வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2009 முதல் அங்கே நடைமுறையில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் சாரம் இது. எனக்குச் சொந்தமில்லாத வாக்கியத்தை இந்த நிபந்தனையோடு ஊருக்கே தானம் செய்ய எனக்கு என்ன உரிமை? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறேன். ‘இலவசம்’ என்ற சொல்லை விட்டுவிட்டுத் தமிழில் ‘கட்டற்ற’ என்று சொல்வதன் பொருத்தமும் அன்றுதான் உறைத்தது.

வல்லுநர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியிடலாமே என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள். பின்னாளில் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000இல் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தை அப்படித்தான் நடத்தினார்கள். பல படிகள் கொண்ட ஆய்வுமுறையில் முதல் ஆண்டில் தேறியவை இரண்டு டஜன் கட்டுரைகள்கூட இல்லை. அதற்கு வரைவுகள் தயாரிக்கும் பக்கத்துக் கொட்டகையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது விக்கிப்பீடியா. எவரும் திருத்தக்கூடிய பக்கம் என்ற நுட்பத்தை அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் 1995லேயே உருவாக்கியிருந்தார். கொட்டகை வளர்ந்து வீட்டை விழுங்கிவிட்டது. தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கியது, இப்போது 1.5 லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது.

இனி, இந்தத் தளங்களைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த சம்பவம். ஒரு பழைய அச்சகத்தைப் பற்றிய சிறு கட்டுரையை விரிவாக்கும்போது, அது தொடங்கிய ஆண்டை 1896 என்பதற்குப் பதில் 1869 என்று தட்டச்சு செய்துவிட்டேன். கைப்பிழை. மேற்கோளும் கொடுக்கவில்லை. யாரும் கவனிக்காமல் நான்கு ஆண்டுகள் போயின. இதற்கிடையில் ஓர் இதழ் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துக் கட்டுரையாக வெளியிட்டது. எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வரிகூட இல்லை. 1869 மட்டும் கம்பீரமாக அச்சேறியிருந்தது. பிறகு ஒரு நல்ல மனிதர் விக்கிப்பீடியாக் கட்டுரைக்கு மேற்கோள் இல்லையே என்று வருந்தி, அந்த இதழையே ஆதாரமாகச் சேர்த்தார். என் பிழைக்கு இப்போது சான்றிதழ் கிடைத்துவிட்டது.

தற்செயலாக நான் அந்தப் பக்கத்துக்குப் போய் ஆண்டைத் திருத்தினேன். சில நிமிடங்களில் மாற்றம் மீளமைக்கப்பட்டது. ‘ஆதாரம் உள்ள தகவலை மாற்ற வேண்டாம்’ என்று குறிப்பு. பிழையின் ஆசிரியரே வந்து பிழை என்று சொன்னாலும் செல்லுபடியாகவில்லை. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அங்கே ‘நான் அறிவேன்’ என்பது சான்று ஆகாது. மெய்யறிதன்மை என்று ஒரு விதி உண்டு. படிப்பவர் தாமே சரிபார்க்கக்கூடிய வெளி ஆதாரம் வேண்டும்.

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்துக்குப் போனேன். கட்டுரையின் ‘வரலாறு’ பகுதியில் என் பழைய திருத்தம் நாளும் நிமிடமுமாகப் பதிவாகி இருந்தது. இதழ் வெளிவந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னால். இரண்டையும் அருகருகே வைத்து, அந்த அச்சகமே வெளியிட்ட பழைய நூல் ஒன்றின் தலைப்புப் பக்கத்தையும் காட்டினேன். ஒன்பது நாள் பேச்சுக்குப் பிறகு 1896 திரும்பி வந்தது. என்னை மறுத்தவரே மாற்றினார், நன்றியும் சொன்னார். அந்த இதழின் பிரதிகளில் 1869 என்றைக்கும் இருக்கும், அதற்கு வரலாற்றுப் பொத்தான் கிடையாது.

அன்றிலிருந்து கட்டுரையைப் படிக்கும் முறையே மாறிவிட்டது. எனக்கு முக்கியமான செய்தி என்றால் முதலில் வரலாற்றைத் திறக்கிறேன். ஒரே ஆள் ஒரே நாளில் எழுதிவிட்டுப் போனதா, பல கைகள் பல ஆண்டுகளாகத் தொட்டதா என்று பார்க்கிறேன். உரையாடல் பக்கத்தில் சண்டை நடந்திருந்தால் நல்லது, யாரோ அக்கறையோடு இருந்திருக்கிறார்கள். மேற்கோளைச் சொடுக்கி அது உண்மையிலேயே அந்தச் செய்தியைச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சொல்லாத மேற்கோள்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2005இல் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மூன்றும் இருந்ததாகச் சொன்னது, பிரிட்டானிக்கா அதை மறுத்தது. விக்கி அன்பர்கள் இந்தக் கணக்கை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆற்றின் சராசரி ஆழம் தெரிந்து என்ன பயன், நான் கால் வைக்கும் இடத்தின் ஆழமல்லவா தெரிய வேண்டும்?

விக்கிமூலத்துக்கு வருகிறேன், மனம் ஒட்டிக்கொண்ட இடம் இதுதான். பதிப்புரிமை முடிந்த நூல்களையும் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களையும் வருடி (ஸ்கேன் செய்து), படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் வழியாக உரையாக்கி, மனிதக் கண்களால் பக்கம் பக்கமாகச் சரிபார்க்கும் திட்டம். இடப்பக்கம் உரை, வலப்பக்கம் பழைய தாளின் படம். சரிபார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாமவர் பார்த்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. இதைவிட நேர்மையான தர ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பழைய தமிழ் அச்சு எழுத்துணரியைப் படுத்தும் பாடு சொல்லி மாளாது. துணைக்காலை ர என்று படிக்கும், ஔ-வை ஒ-வும் ள-வுமாகப் பிரிக்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அவற்றை எந்த எழுத்தாகக் கொள்வது என்று தெரியாமல் மென்பொருள் திணறும். எல்லாவற்றையும்விடக் கள்ளமானது தமிழ் எண். ஒன்றைக் குறிக்கும் ௧-உம் ககரமும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. உரையில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தேடும்போதும், கணினி வாய்விட்டுப் படிக்கும்போதும்தான் வேறுபாடு தெரியும். ஒரு பக்கத்துக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகும். நடுவில் நூலிலேயே மூழ்கிவிட்டால் ஒரு மணி நேரம். இதை உழைப்பு என்று கணக்கில் எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்த வேலைக்குத் தமிழில் நல்ல மூதாதையர் உண்டு. 1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னெடுத்த மதுரைத் திட்டம், தமிழ் ஒருங்குறி (யூனிகோடு) பரவலாகாத காலத்திலேயே, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு இலக்கியங்களைத் தட்டச்சு செய்து பகிர்ந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்தவர்களுக்கு, ஒரு பிரதி எங்கும் இருக்கட்டும் என்ற எண்ணத்தின் எடை தெரியும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எனக்குப் பிடித்த இன்னோரிடம் ஆலமரத்தடி, பொதுப் பேச்சு நடக்கும் பக்கம். ஹைட்ரஜனா, ஐதரசனா? ஜெர்மனியா, செருமனியா, யேர்மனியா? கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா? தமிழ்நாட்டு வழக்கா, இலங்கை வழக்கா? இந்த வழக்குகள் முடிந்ததே இல்லை, முடியவும் போவதில்லை. தீர்வு வந்தது இலக்கணத்திலிருந்து அன்று, நுட்பத்திலிருந்து. வழிமாற்று என்று ஒன்று உண்டு. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரையில் கொண்டுபோய் விடும். சண்டை தலைப்புக்கு மட்டும் மிஞ்சியது.

வரைபடத்தில் என் அனுபவம் சிறியது. ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நீளமாக ஒரு சாலை வரைந்தேன். மறுநாள் வேறு கண்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்: ‘நேரில் போய்ப் பார்த்தீர்களா?’ போய்ப் பார்த்தேன். வற்றிய கால்வாய். 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது தொலைவிலிருந்த தன்னார்வலர்கள் சில நாள்களில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை வரைந்து கொடுத்து, அதை மீட்புப் பணியாளர்கள் பயன்படுத்தினார்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் வரைய வந்தேன். நல்ல வேளை, என் கால்வாயை நம்பி யாரும் வண்டி ஓட்டவில்லை.

குறை என்று பார்த்தால் பெரியது ஒன்றுதான்: ஆள் போதாது. பிற குறைகள் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆள் குறைந்தால் பிழை நெடுநாள் வாழும். ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளில் பெரும் பங்கை, அந்த மொழி தெரியாத அமெரிக்கப் பதின்ம வயதினர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தடுத்து நிறுத்தி ‘தம்பி, இது அந்த மொழியே இல்லை’ என்று சொல்ல ஆளில்லை. சிறிய மொழிப் பதிப்புகளில் வேலை செய்யும் எங்களுக்கு இந்தச் செய்தி வயிற்றைக் கலக்கியது. இப்போது கணினி மொழிபெயர்ப்பு வந்து, நிமிடத்துக்கு ஒரு கட்டுரை செய்ய முடிகிறது. எழுதும் வேகம் கூடியிருக்கிறது, படித்துத் திருத்தும் கண்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. கைப்பேசியில் மேற்கோள் சேர்ப்பதும் எனக்கு இன்னும் கைவரவில்லை. விரல் பருத்தவர்களுக்கான இடைமுகத்தை யாராவது கண்டுபிடிக்கட்டும்.

புதிதாகத் தொடங்க விரும்புபவர்கள் என்னிடம் கேட்டால், கட்டுரை எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு மாதம் எழுத்துப்பிழை திருத்துங்கள், அல்லது விக்கிமூலத்தில் ஒரு சிவப்புப் பக்கத்தை எடுங்கள். சோதித்துப் பார்க்க மணல்தொட்டி என்ற பக்கம் இருக்கிறது. என் கட்டுரை நீக்கப்பட்டதுபோல் உங்களுடையதும் நீக்கப்பட்டால், மூன்று மாதக் கோபத்தை மூன்று நாளில் முடித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், நான் தொடரும் பக்கங்களின் மாற்றங்களைக் காட்டும் என் கவனிப்புப் பட்டியலில் ஒரு பக்கம் மேலே வந்தது. 2019இல் நான் மஞ்சளாக்கிய பழைய மருத்துவ நூலின் பக்கம். யாரோ ஒருவர் அதைப் பச்சையாக்கியிருந்தார். வரலாற்றைத் திறந்து பார்த்தேன், ஒரே ஒரு மாற்றம், பலம் என்ற பழைய எடை அளவுக்கு முன்னால். பழைய வடிவத்தில் ‘க பலம்’, புதியதில் ‘௧ பலம்’. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.