பயோடீசலா, எச்.வி.ஓ.வா, ஈ-டீசலா? பராமரிப்பு சொல்லும் கணக்கு

இன்ஜினில் கை வைக்காமல், ஊற்றும் எரிபொருளை மட்டும் மாற்றி டீசலின் மாசைக் குறைக்க மூன்று வழிகள் இருக்கின்றன: பயோடீசல், எச்.வி.ஓ. (ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்), ஈ-டீசல். எங்கள் சாய்வு எச்.வி.ஓ. பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தாவர எண்ணெயையோ கொழுப்பையோ மெத்தனாலுடன் வினைபுரிய வைத்தால் பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் தனியாகப் பிரியும். அதே எண்ணெயை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்தால் ஆக்சிஜன் முழுக்க நீங்கி, சுத்தமான பாரஃபின் டீசல் கிடைக்கும். அதுதான் எச்.வி.ஓ. ஈ-டீசலுக்கு எண்ணெயே வேண்டாம். கார்பன் டை ஆக்சைடும் மின்சாரத்தால் நீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனும் போதும். 1920களில் ஜெர்மனியில் பிறந்த ஃபிஷர்-டிராப்ஷ் முறை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

புகை அளவில் பயோடீசல் மோசமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2002இல் தொகுத்த தரவுப்படி, சோயா பயோடீசலை 20 சதவீதம் கலந்தால் துகள்கள் 10, கார்பன் மோனாக்சைடு 11, எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதம் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 சதவீதம் கூடுகிறது. முழு பயோடீசல் என்றால் 10 சதவீதம். பழைய பம்பு-குழாய் அமைப்புகளில் இதற்கு ஒரு காரணம், பயோடீசல் எளிதில் அமுங்காததால், எரிபொருளைப் பீய்ச்சும் ஊசி சற்று முன்கூட்டியே திறந்துவிடுவது. ஊசி திறக்கும் நேரத்தை மின்னணுவால் கட்டுப்படுத்தும் காமன் ரெயிலில் அந்தக் காரணம் இல்லை. எச்.வி.ஓ.வின் சீட்டேன் எண் (எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) 70க்கு மேல், கரியைக் கூட்டும் வளைய வடிவ அரோமேட்டிக் சேர்மங்கள் ஏறக்குறைய இல்லை. அதனால் பழைய கனரக இன்ஜின்களில் பொதுவாகத் துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்தே குறைகின்றன.

ஆனால் டி.பி.எஃப். (புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி), எஸ்.சி.ஆர். (நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் அமைப்பு) இரண்டும் உள்ள புது இன்ஜினில் இந்த வித்தியாசம் புகைக்குழாய் முனைக்கு வருவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். மிஞ்சுவது கார்பன் கணக்கு. கழிவுச் சமையல் எண்ணெயிலிருந்து செய்தால், ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளின்படி, பயோடீசல், எச்.வி.ஓ. இரண்டிலும் பசுமைக்குடில் வாயு வெளியீடு 80 சதவீதத்துக்கு மேல் மிச்சம். அங்கேயும் சரிசமம் என்பதால், முடிவு பராமரிப்பில்தான் இருக்கிறது.

பயோடீசல் நல்ல கரைப்பான். டேங்க்கிலும் குழாயிலும் வருடக்கணக்கில் படிந்த கசடை முதல் சில நிரப்பல்களிலேயே கிளப்பி ஃபில்டரில் கொண்டுவந்து அடைக்கும். மாறும்போது மாற்று ஃபில்டர் கையில் இருக்க வேண்டும். அடுத்தது தண்ணீர். சாதா டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை இது இழுத்து வைத்துக்கொள்ளும். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கினால் நுண்ணுயிர் வளர்ந்து, ஃபில்டரில் வழவழவென்று கரும்படலம் கட்டும். நீர்ப்பிரிப்பானை அடிக்கடி திறந்து வடிப்பதைத் தவிர வழியில்லை. செம்பு, பித்தளை, துத்தநாகம் பட்டால் ஆக்சிஜனேற்றம் வேகமெடுத்து அமிலமும் பிசினும் உண்டாகும். ஆறு மாதத்துக்கு மேல் சேமித்து வைப்பது வம்பு. பாமாயிலில் செய்ததோ 13 டிகிரி வாக்கிலேயே மெழுகு கட்டத் தொடங்கிவிடும்.

பலர் கவனிக்காதது இன்ஜின் ஆயில். டி.பி.எஃப். பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது, பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்சும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கும். சாதா டீசலின் லேசான பகுதிகள் சூடான ஆயிலிலிருந்து ஆவியாகிப் போய்விடும். பயோடீசல் கொதிப்பது 330 டிகிரிக்கு மேல். அது அங்கேயே தங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். "ஆயில் குறையவே இல்லை" என்று மகிழ வேண்டாம், அது நீர்த்துப்போன ஆயில். பிசுபிசுப்பு இறங்கினால் பேரிங் தேயும். கலவை விகிதம் அதிகமென்றால் ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குவதே பத்திரம்.

எச்.வி.ஓ.வில் இந்தத் தலைவலிகள் அநேகமாக இல்லை. அதற்கென்று சில குறைகள் உண்டு. அடர்த்தி கனமீட்டருக்கு 765 முதல் 800 கிலோதான் என்பதால் லிட்டர் கணக்கில் 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். மசகுத்தன்மைக்குச் சேர்மானம் கலந்திருக்க வேண்டும், விற்பவரிடம் இ.என். 15940 (பாரஃபின் டீசலுக்கான ஐரோப்பியத் தரம்) சான்றைக் கேட்டு வாங்குங்கள். அரோமேட்டிக் டீசலில் ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்), எச்.வி.ஓ. பட்டதும் சுருங்கிக் கசியலாம். பழைய பம்பு என்றால் ஃப்ளூரோ ரப்பர் சீல்களாக மாற்றிவிடுவது நல்லது.

டி.பி.எஃப். இல்லாத பழைய இன்ஜின், தினமும் ஓட்டம், இரண்டு மூன்று வாரத்தில் டேங்க் காலியாகும் என்றால் 20 சதவீதப் பயோடீசல் தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கு அதை ஊற்றவே ஊற்றாதீர்கள்.

ஈ-டீசலும் அதே இ.என். 15940க்குள் வரும் பாரஃபின்தான். எச்.வி.ஓ.வுக்குச் சொன்னவை கொள்கையளவில் அதற்கும் பொருந்தும். ஆனால் பெரிய அளவில் நீண்டகாலம் ஓடிய வண்டிகள் சொற்பம் என்பதால் அதே உறுதியோடு பேச முடியாது. தயாரிக்கும்போதே மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி வீணாகிறது. மிஞ்சியதிலும் பாதிக்கு மேல் இன்ஜினில் வெப்பமாகப் போகிறது. பேட்டரியில் ஓடக்கூடிய வண்டிக்கு இது வீண் செலவு.

பயோடீசலிலிருந்து எச்.வி.ஓ.வுக்கு மாறுபவர்கள் டேங்க்கைக் கூடியவரை காலி செய்துவிட்டு நிரப்புங்கள். எச்.வி.ஓ.வின் கரைக்கும் திறன் குறைவு. இரண்டும் கலந்து கிடந்தால், பயோடீசலில் மிச்சமிருக்கும் மோனோகிளிசரைடு (முழுதாக வினைபுரியாத எண்ணெய்ப் பகுதி) குளிரில் பிரிந்து அடியில் படியும். அந்த ஒருமுறை மட்டும் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.