அளவுக்கோடு இட்ட பிரசவ விரிப்பு: வாங்கலாமா?

பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் ரத்தப்போக்கு பற்றிய ஆய்வுகளில் மருந்துகளே பேசப்படுகின்றன. ஆனால் 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில் என் கவனத்தை ஈர்த்தது, தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, வழியும் ரத்தத்தைக் கூம்பு வடிவப் பையில் சேர்த்து அளக்கும் சாதாரண பிளாஸ்டிக் விரிப்புதான்.

பையில் 300 மில்லிலிட்டரில் எச்சரிக்கைக் கோடும், 500இல் உடனே சிகிச்சையைத் தொடங்குவதற்கான கோடும் உள்ளன. மின்சாரமும் கணக்கும் தேவையில்லை. துணியிலும் பஞ்சிலும் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுகையில் அனுபவம் மிக்க செவிலியரும் குறைத்தே சொல்ல நேரிடுகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை உட்படுத்திய இந்த ஆய்வில், வழக்கமான முறையைப் பின்பற்றிய மருத்துவமனைகள் ரத்தப்போக்குக்கு உள்ளானவர்களில் சுமார் 51 சதவீதத்தினரையே கண்டறிந்தன. விரிப்பைப் பயன்படுத்தியவை 93 சதவீதத்தினரைக் கண்டறிந்தன. ரத்த உறைவு கரையாமல் காத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் தருகிறது என்பதால், இப்படி நேரத்தோடு கண்டறிவது சிறிய விஷயமல்ல.

இருப்பினும், விரிப்பு மட்டுமே உயிர் காக்கும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். 13 ஐரோப்பிய நாடுகளில் சேகரிப்புப் பையை மட்டும் கொடுத்துப் பார்த்து, 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடும் ரத்தப்போக்கு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இ-மோட்டிவ் ஆய்வில் கோடு எட்டியதும் கருப்பையைப் பிடித்துவிடுதல், கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து, டிரனெக்சாமிக் அமிலம், நரம்பு வழியே சலைன், ரத்தம் கசியும் இடத்தைத் தேடும் பரிசோதனை ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கப்பட்டன. கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 4.3 சதவீதத்திலிருந்து 1.6ஆக இறங்கியது.

குறைகளும் உண்டு. பனிக்குட நீர் கலந்தால் அளவு தவறும் என்பதால் குழந்தை பிறந்த பிறகே பையில் சேர்க்கத் தொடங்க வேண்டும். நெரிசலான பிரசவ அறையில் இது எளிதில் தவறிப்போகும். ஒருமுறை பயன்படுத்தியதும் எறிய வேண்டியிருப்பதால் மருத்துவக் கழிவு பெருகுகிறது. இந்த ஆய்வின் முடிவு சுகப்பிரசவத்துக்கு உரியது. சிசேரியனுக்கு அப்படியே பொருத்த முடியாது.

வாங்க நினைக்கும் மருத்துவமனை, அதே கொள்முதல் பட்டியலில் டிரனெக்சாமிக் அமிலத்தையும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்தான ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கும் குளிர்பெட்டியையும் சேர்ப்பது அவசியம்.