ஆங்கில அகராதி பிறந்த மச்சு: காஃப் சதுக்கம், 17ஆம் எண் வீடு

முதலில் படிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உள்ள டாக்டர் ஜான்சன் வீட்டில் லிஃப்ட் கிடையாது. 1700ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய வீடு. வாசலிலும் படி, உள்ளே மச்சுவரை மரப்படி. பார்க்க வேண்டியதோ உச்சியில் இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் என் முழங்கால் வழக்குப் பேசியது. தரைத்தளத்தோடு திரும்பிவிடுவதாக இருந்தால் டிக்கெட் காசு வீண். ஏற முடிந்தவர்கள் அவசியம் ஏறுங்கள்.

ஃப்ளீட் தெருவின் இரைச்சலிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்து, அங்கிருந்து இன்னொரு சந்துக்கு மாறினால் காஃப் சதுக்கம் வருகிறது. சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். ஒரு கோடியில் இந்தச் செங்கல் வீடு. ரிச்சர்ட் காஃப் என்ற கம்பளி வணிகர் கட்டியது. சாமுவேல் ஜான்சன் 1748 முதல் 1759 வரை இங்கே வாடகைக்கு இருந்தார். அவருடைய ஆங்கில அகராதி இந்த வீட்டில்தான் உருவாகி, 1755 ஏப்ரல் 15 அன்று இரண்டு பெரிய பாகங்களாக வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திச் சோறு தின்றவன் நான். எனக்கு இது அரண்மனையைவிட மேலான இடம். உடன் வந்த என் பேத்திக்கு அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் நின்று பார்க்க வேண்டியது வாசற்கதவின் உட்புறம். கனத்த சங்கிலி ஒன்று. அதன் கொக்கி திருகு வடிவில் முறுக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து கம்பியை விட்டு அதை நெம்பிக் கழற்ற முடியாது. கதவுக்கு மேலுள்ள சிறு கண்ணாடித் திறப்பின் குறுக்கே முள் வைத்த இரும்புத் தண்டு. சின்னப் பையனை அந்த வழியாக உள்ளே இறக்கித் தாழ் திறக்கச் சொல்லும் திருடர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் திருடன் உள்ளே வந்தாலும் ஜான்சனிடம் என்ன எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்று தெரியவில்லை. அகராதி வெளிவந்து ஓராண்டுகூட முடியாத நிலையில், 1756 மார்ச்சில், ஐந்து பவுன் பதினெட்டு ஷில்லிங் கடனுக்காக அவர் கைதானார். நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சன் ஆறு கினி, அதாவது ஆறு பவுன் ஆறு ஷில்லிங், அனுப்பித்தான் மீட்டார்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் வீடு புரியும். பிரான்சில் மொழியைக் கவனிக்க அரச ஆதரவுடன் நாற்பது பேர் கொண்ட கழகம் இருந்தது. இங்கிலாந்தில் அப்படி எதுவும் அமையவில்லை. புத்தக வியாபாரிகள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, 1746இல் 1,575 பவுனுக்கு ஜான்சனிடம் ஒப்பந்தம் போட்டார்கள். மூன்று ஆண்டில் முடிப்பதாக நினைத்தார். ஒன்பது ஆண்டு ஆயிற்று. உதவியாளர் சம்பளமும் அந்தப் பணத்திலிருந்துதான். வறுமையால் ஆக்ஸ்ஃபோர்டு படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். முகப்புப் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் நிற்கட்டும் என்று நண்பர்கள் முயன்று, புத்தகம் வருவதற்குச் சற்று முன்னதாக அதே பல்கலைக்கழகத்திடமிருந்து முதுகலைப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள்.

நடுத்தளங்களை நான் வேகமாகக் கடந்தேன். மரப்பலகைச் சுவர்கள், உருவப்படங்கள், அக்கால நாற்காலிகள். முதல் தளத்தில் கீல் வைத்த பலகைத் தடுப்புகள் இருக்கின்றன. திருப்பினால் தனித்தனி அறைகள், விரித்தால் ஒரே கூடம். பேத்திக்குப் பிடித்தது இதுதான். சீனப் பெருஞ்சுவரிலிருந்து வந்த ஒரு செங்கல்லும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று ஜான்சன் ஆசைப்பட்டாராம். ஆசைப்பட்டதற்கெல்லாம் செங்கல் வைத்தால் வீடு தாங்காது.

மச்சுதான் அகராதியின் பட்டறை. ஜான்சன் புத்தகங்களைப் படித்து, வேண்டிய சொல்லுக்கு அடியில் கோடிட்டு, ஓரத்தில் அதன் முதலெழுத்தைப் போடுவார். எடுத்தெழுதுவோர் அந்த வரியைத் துண்டுச் சீட்டில் பெயர்த்து அகரவரிசையில் அடுக்குவார்கள். இப்படிச் சேர்ந்த மேற்கோள்களில் அச்சேறியவை லட்சத்துக்கும் மேல். தலைச்சொற்கள் ஏறக்குறைய 42,000. இரவல் வாங்கிய புத்தகங்கள் கோடுகளோடு திரும்பிப் போயின. இரவல் கொடுத்தவர்கள் பாவம். இந்த அறையின் கூரை இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. ஆகவே ஜான்சன் அண்ணாந்து பார்த்த அதே உத்தரங்கள் என்று உருக வேண்டியதில்லை. ஆனால் சன்னல் வெளிச்சமும் அறையின் நீளமும் போதும், எத்தனை மேசை போட்டிருப்பார்கள் என்று என்னைப் போன்றவன் கணக்குப் போட.

அந்த மேசைகளில் இருந்த ஆறு பேரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். மக்பீன் சகோதரர்கள், ஷீல்ஸ், ஸ்டூவர்ட், மெய்ட்லண்ட் ஆகியோர் அவர்கள்; பெய்ட்டன் மட்டும் ஆங்கிலேயர். ஷீல்ஸும் ஸ்டூவர்ட்டும் அகராதி அச்சாகி வந்ததைப் பார்க்காமலே இறந்துபோனார்கள். ஓட்ஸ் தானியத்துக்கு ஜான்சன் எழுதிய விளக்கம் ஊரறிந்தது: இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைகளுக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மக்களைப் பிழைக்க வைப்பது. அந்த மேசைகளில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டு படித்தால் கிண்டலின் ருசியே மாறிவிடுகிறது. இந்த வீடு ஜான்சனின் நினைவில்லம், அதனால் வெளிச்சமெல்லாம் அவர்மேல். என் கண் இந்த ஆறு பேரைத்தான் தேடியது; அவர்களுக்கென்றே ஒரு முழுச் சுவர் ஒதுக்கலாம்.

பார்வையாளர் புரட்டிப் பார்க்க அகராதியின் நகற்பதிப்பு இருக்கிறது. நேரத்தை இங்கே செலவழியுங்கள். முந்தைய அகராதிகள் பெரும்பாலும் கடினச் சொற்களுக்கானவை; 1604இல் ராபர்ட் காட்ரி தொகுத்ததில் சுமார் 2,500 அருஞ்சொற்கள்தான். ஜான்சனோ, எல்லாருக்கும் தெரியும் என்று மற்றவர்கள் தாண்டிப்போன சொற்களோடு மல்லுக்கு நின்றார். ‘எடு’ என்று பொருள்படும் ஒரே வினைச்சொல்லுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்து, பத்தி பத்தியாக அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி. இதை அச்சுக் கோத்தவனையும் மெய்ப்புப் பார்த்தவனையும் எண்ணி ஒரு நிமிடம் கை தூக்கிக் கும்பிட்டேன். பேத்தி கடைசிப் பக்கங்களுக்குப் போய், “தாத்தா, எக்ஸ் எழுத்தில் ஒன்றுமே இல்லையே” என்றாள். உண்மைதான். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் இந்த எழுத்தில் தொடங்குவதில்லை என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போய்விட்டார் மனிதர்.

முன்னுரையைப் படிக்காமல் இறங்காதீர்கள். மொழியை ஓரிடத்தில் நிறுத்திவிடலாம் என்று தொடங்கியவர், வேலை முடிந்தபோது அது நடக்காத காரியம் என்று அறிவிக்கிறார். ஒலியைச் சங்கிலியால் கட்டுவதும் காற்றைச் சாட்டையால் அடிப்பதும் ஆணவத்தின் வேலை என்கிறார். நானறிந்த இலக்கணக் காவலர்கள் சிலரை இந்தப் பக்கத்துக்கு முன்னால் உட்கார வைக்க ஆசை.

இன்னொருவரையும் இங்கே தெரிந்துகொள்ளலாம். ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர், 1752இல் சிறுவனாக இந்த வீட்டுக்கு வந்தார். ஜான்சனின் மனைவி இறந்த சில நாட்களில் அது. ஜான்சன் அவரைப் படிக்க வைத்தார். உயிலில் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதினார். அந்தக் காலத்து லண்டனில் இதற்காக முகம் சுளித்தவர்கள் உண்டு.

வெளியே சதுக்கத்தின் மறுகோடியில் ஜான்சன் வளர்த்த ஹாட்ஜ் என்ற பூனையின் வெண்கலச் சிலை, 1997இல் வைத்தது. அகராதிமேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சிப்பி ஓடுகள். பூனைக்குச் சிப்பி வாங்க வேலைக்காரர்களை அனுப்பினால் அதன்மேல் வெறுப்பு வந்துவிடும் என்று ஜான்சன் தானே கடைக்குப் போவாராம். பேத்தி எடுத்த படங்களில் முக்கால்வாசி இந்தப் பூனைதான்.

பக்கத்தில் 1667இல் மறுபடி கட்டிய ‘யி ஓல்ட் செஷயர் சீஸ்’ மதுக்கடை. ஜான்சன் வந்துபோன இடம் என்பார்கள். ஆனால் அவருடைய நண்பர் பாஸ்வெல் அவரைப் பற்றி எழுதிய நீண்ட வாழ்க்கை வரலாற்றில் அந்தக் கடையின் பெயரே இல்லை. நாங்கள் சற்றுத் தள்ளி வேறொரு கடையில் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். எண்ணெய் பழையது, பெயர் வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: சான்சரி லேன், பிளாக்ஃபிரையர்ஸ் இரண்டு நிலையங்களிலிருந்தும் நடக்கலாம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் பூனையைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் காட்டினால் வீட்டுக்குள் வரமாட்டார்கள்.