வரைவு விதிக்குக் கருத்து: எழுதித் தருவதா, கூட்டத்தில் பேசுவதா, கையெழுத்துத் திரட்டுவதா?

நகர நிர்வாகம் புதிய விதி ஒன்றின் வரைவை வெளியிட்டு, ‘ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வரவேற்கப்படுகின்றன’ என்று அறிவிக்கிறது. வண்டி நிறுத்தம், பெயர்ப்பலகை, கட்டுமான நேரம் என்று எதைப் பற்றியதாகவும் இருக்கலாம். இதில் கலந்துகொள்ளப் பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு: தனி எழுத்துக் கருத்து, கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேச்சு, கூட்டு மனு அல்லது ஒரே வாசகம் கொண்ட மொத்த மின்னஞ்சல், நகர மன்ற உறுப்பினரை நேரில் பார்ப்பது. எது மேல் என்று பார்க்கும் முன், வந்து சேரும் கருத்தை யார் படிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

வழக்கமாக அது துறையில் இருக்கும் ஒருசில அலுவலர்களின் வேலை. வந்ததை எல்லாம் பிரிவுவாரியாகப் பிரித்து ஓர் அட்டவணை போடுவார்கள். ஒரு கட்டத்தில் பிரிவு எண், அடுத்ததில் வந்த கருத்து, கடைசியில் துறையின் பதில். இறுதி முடிவு எடுப்பவர் பெரும்பாலும் இந்த அட்டவணையைத்தான் பார்ப்பார், மூலக் கடிதங்களை அல்ல. ஆகவே அந்தக் கட்டத்துக்குள் அப்படியே ஏறக்கூடிய கருத்துதான் பிழைக்கும்.

எழுத்துக் கருத்து

உழைப்பு அதிகம், பலனும் அதிகம். ஓர் உதாரணம்: வரைவின் பிரிவு 4(2), ‘குடியிருப்புப் பகுதிகளில் கட்டுமானப் பணி காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை நடக்கலாம்’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘இது மக்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விதி, முழுமையாக எதிர்க்கிறேன்’ என்று எழுதினால் அட்டவணையில் ‘பொதுவான எதிர்ப்பு’ என்று ஒரு வரி விழும். பதிலும் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘பிரிவு 4(2): “இரவு 10 மணி” என்பதை “இரவு 8 மணி” என மாற்ற வேண்டும். தளம் போடும்போது கான்கிரீட் ஊற்றுவதை நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதிய கலவையும் சரியாக ஒட்டாமல் இணைப்பு பலவீனமாகிவிடும் என்பதால், அந்தப் பணிக்கு மட்டும், அக்கம்பக்கத்தாருக்கு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்திருந்தால், விலக்கு தரலாம்.’

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: எந்த இடம், என்ன மாற்று வாசகம், ஏன். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் முன்கூட்டியே எடுத்து, விலக்காக எழுதிக் கொடுத்தாயிற்று. அலுவலர் இதை மறுக்க வேண்டுமென்றால் காரணம் தேட வேண்டும். ஏற்பது அதைவிடச் சுலபம்.

ஒரு கடிதத்தில் மூன்று நான்கு பிரிவுகளுக்கு மேல் தொட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக, பிரிவு எண்ணோடு தொடங்குங்கள். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் சுருக்கும் வேலை அலுவலர் கைக்குப் போகும். அவர் சுருக்கும்போது எது உதிரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆதாரமாகப் புகைப்படம், அளவு, தேதி இருந்தால் இணைப்பாக வைத்து, கடிதத்துக்குள் ‘இணைப்பு 1’ என்று சுட்டுங்கள். வரைவில் உங்களுக்குப் பிடித்த பிரிவு இருந்தால் அதையும் ஒரு வரியில் ஆதரியுங்கள். எதிர்ப்பு மட்டுமே வந்து குவியும் நல்ல பிரிவுகள் இறுதியில் காணாமல் போவது உண்டு.

இந்த வழி கெட்டுப்போவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான்: பழைய வரைவின் பிரிவு எண்ணைக் குறிப்பிடுவது, அறிவிப்பு எண்ணை விட்டுவிடுவது, பெரிய இணைப்பால் மின்னஞ்சல் திரும்பி வருவது, கடைசி நாள் மாலையில் அனுப்புவது. இன்னொன்றும் உண்டு. விதி என்பது ஒரு தாய்ச் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நிற்க வேண்டியது. அந்தச் சட்டத்தையே மாற்றச் சொல்லும் கருத்து எவ்வளவு நியாயமானாலும் ‘வரம்புக்கு வெளியே’ என்று ஒதுக்கப்படும். மாறாக, வரைவே தாய்ச் சட்டத்தின் வரம்பை மீறியிருந்தால் அதைவிட வலுவான ஆட்சேபணை கிடையாது. சட்டத்தின் பிரிவு எண்ணோடு அதை முதல் பத்தியிலேயே வையுங்கள்.

கூட்டத்தில் பேச்சு

நேரம் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் போகும். ஆக, மூன்று நிமிடத்தில் ஒரு பிரிவைத்தான் உருப்படியாகப் பேச முடியும். ‘வணக்கம், அவையோருக்கு நன்றி’ என்று தொடங்கினால் அதிலேயே அரை நிமிடம் கரைந்துவிடும்.

பேச்சின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பது அங்கேதான் காதில் விழும். எழுத்துக் கெடு இன்னும் முடியாவிட்டால் அதற்கு மறுமொழி எழுதலாம். செய்தியாளர்களும் மன்ற உறுப்பினர்களும் வருவது அங்கேதான். ஆனால் நீங்கள் பேசியதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுபவர் வேறொருவர். ஐந்து வாக்கியம் பேசினால் ஒரு வாக்கியமாகச் சுருங்கும், சில சமயம் தலைகீழாகவும் பதிவாகும். அதற்காகவே பேசுவதன் எழுத்துப் படியை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாத பேச்சுக்கு ஒலிபெருக்கி அணைந்தபின் பெரிதாக மதிப்பில்லை.

கூட்டு மனுவும் நகல் மின்னஞ்சலும்

எண்ணிக்கையை நம்பும் வழி இது. இரண்டு பழைய சம்பவங்களைப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். இரண்டும் நகர விதிகள் அல்ல என்றாலும் கணக்கு ஒன்றுதான். இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2015 டிசம்பரில் இணையச் சேவைக்கு, பார்க்கும் தளத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் வாங்கலாமா என்பது பற்றி 4 கேள்விகள் கேட்டது. சில தளங்களை மட்டும் டேட்டா கட்டணமின்றிப் பார்க்கவிடும் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை ஆதரித்து ஒரே வாசகத்தில் லட்சக்கணக்கான பதில்கள் குவிந்தன. அவை கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லவில்லை என்று ஆணையமே சொன்னது. 2016 பிப்ரவரியில் அத்தகைய வேறுபட்ட கட்டணத்தைத் தடையும் செய்தது. அமெரிக்காவில் 2017இல் இணையச் சமநிலை விதிகளை (எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவை) நீக்கும் முன்மொழிவுக்கு 2.2 கோடிக்கும் மேல் கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலின் 2021 அறிக்கை சொன்னது. இப்படியெல்லாம் நடந்தபின் ஒரே அச்சில் வரும் கடிதங்களை அலுவலர்கள் ஒரே கருத்தாக எண்ணுவதில் வியப்பில்லை.

ஐந்நூறு கையெழுத்து வாங்கும் உழைப்பில், வெவ்வேறு வகையில் பாதிக்கப்படும் ஐந்து பேரை உட்காரவைத்து ஐந்து தனிக் கடிதங்கள் எழுதவைக்கலாம் — இரவுப் பணி செவிலியர், மேஸ்திரி, பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் என்று. துறையைப் பொறுத்தவரை அந்த ஐந்தும் ஐந்து வெவ்வேறு வரிகள். கையெழுத்துத் தாள் வீண் என்று சொல்லவில்லை, அதன் முகவரி வேறு. ஓட்டுக் கணக்குப் பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியது அது.

மன்ற உறுப்பினர்

விதி மன்றத்தின் ஒப்புதலுக்குப் போகும் என்றால் மட்டும் இந்த வழி பலமானது. ஆணையரோ துறையோ தானே பிறப்பிக்கும் விதியில் உறுப்பினர் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். எழுத்துக் கருத்தின் படியோடு போங்கள்.

வரிசையும் கெடுவும்

நேரம் குறைவு என்றால் எழுத்து மட்டும் போதும். கூடுதலாக முடிந்தால் முதலில் எழுத்து, பிறகு பேச்சு, அதன்பின், கூட்டத்தில் கேட்டவற்றுக்கு மறுமொழியாகத் துணை எழுத்து. கெடு ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க் நகரில் துறைகளின் விதிகளுக்குக் கூட்டம் நடக்கும் நாளுக்கு குறைந்தது 30 நாள் முன்பே வரைவு வெளியாக வேண்டும். இந்தியாவில், வரைவை முன்கூட்டி வெளியிட்ட பிறகே விதி செய்ய வேண்டும் என்று தாய்ச் சட்டமான மத்தியச் சட்டம் சொல்லியிருந்தால், 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் (General Clauses Act), பிரிவு 23 பொருந்தும்: அறிவிப்பில் குறித்த தேதிக்கு முன் வந்தவற்றை அதிகாரி பரிசீலித்தே ஆக வேண்டும். அதே பிரிவில் இன்னொரு கொக்கியும் உண்டு. இறுதி விதி அரசிதழில் வெளியானால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. ‘எங்களைச் சரியாகக் கேட்கவில்லை’ என்ற வாதத்தைப் பிற்பாடு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்று இதிலிருந்தே தெரியும்.

எந்த வழியில் போனாலும் கருத்து பொதுப் பதிவாகலாம். 2015 ஏப்ரலில் டிராய் தனக்கு வந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடே இணையத்தில் போட்டுவிட்டது. தொலைபேசி எண், வீட்டு முகவரி கட்டாயம் என்றால் தனி முகப்புத் தாளில் கொடுங்கள். கருத்து எழுதிய பக்கத்தில் பெயரும் பகுதியும் போதும்.