அம்மாவை யார் பார்த்துக்கொள்வது: அண்ணியா, ஏஜென்சிப் பெண்ணா, பக்கத்து லயத்துப் பெரியம்மாவா?

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பினார்கள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. ஒரு காம்பரா (அறை), இஸ்தோப்பு (முன் திண்ணை), பின்னால் சின்னக் குசினி. கக்கூஸ் இருபது படி கீழே. அடுத்த ஒன்றரை வருடத்தில் மூன்று விதமாகவும் பார்த்துவிட்டோம். இதே நிலையில் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அண்ணி வேலையை விட்டு வீட்டில் நின்றார். எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான். அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. செலவில்லாத வழி என்று நினைத்தோம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. மாதம் 22 பேர் விழுந்தால், அதாவது 22 நாள் வேலை பதிவானால், 29,700 ரூபா. தோட்ட நிர்வாகம் அவர் பெயரில் கட்டவேண்டிய ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதம், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் இரண்டும் சேர்ந்து இன்னும் 4,455. அதாவது அந்தக் கணக்கில் மாதம் 34,000 ரூபாவுக்கு மேல் போனது. அதில் ஈ.பி.எஃப் காசு அண்ணியின் சொந்த முதுமைக்கானது.

காசு ஒரு பக்கம். நான்காம் மாதம் அண்ணிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தனியாளாகத் தூக்கித் தூக்கி வந்த வலி. மலைக்கு, அதாவது கொழுந்து பறிக்கப் போனால் நாலு பேரோடு பேச்சாவது இருக்கும். வீட்டில் அம்மா மட்டும். அம்மாவுக்கோ பேச்சுக் குழறியிருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அண்ணி உடம்பு துடைத்துவிடும்போது அம்மா கூச்சப்படவில்லை. அந்த நிம்மதியை வேறு எவராலும் உடனே கொடுக்க முடியாது.

அப்புறம் கொழும்பிலிருந்து ஏஜென்சி மூலம் ஒரு பெண் வந்தார். 24 மணி நேரமும் தங்கிப் பார்ப்பவர். வேலை தெரிந்தவர். பெட்ஷீட்டை நாலாக மடித்து அம்மாவின் இடுப்புக்குக் கீழே விரித்தார். அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் அம்மா மெதுவாக ஒருக்களித்துப் படுத்துவிட்டார். நான்கு மாதம் அண்ணி முதுகு ஒடியச் செய்த வேலை அது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததில், முதுகில் சிவந்து கிடந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. அந்தச் சிவப்புதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் கஞ்சி ஊட்டவேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போகும் என்றார். உணர்ச்சி குறைந்த காலில் சுடுதண்ணிப் பை வைத்தால் தோல் வெந்தாலும் அம்மாவுக்குத் தெரியாது என்றும் சொன்னார். எங்கள் குளிரில் நாங்கள் தினமும் செய்துவந்த தவறு அது.

ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. வலிக்கிறது, தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட அம்மா சைகையில்தான் சொல்லவேண்டியிருந்தது. அவருக்குப் படுக்க இடம் கொடுக்க அண்ணன் இஸ்தோப்புக்கு மாறினார். ஆறாம் கிழமை லீவில் போனவர் திரும்பவில்லை. ஏஜென்சி ஒன்பது நாளாக வேறு ஆளை அனுப்பவில்லை, முற்பணத்தையும் தரவில்லை. ஆகவே காசு கட்டுமுன் கேளுங்கள்: வருபவருக்குத் தமிழ் தெரியுமா, என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கிறதா, லீவு நாளில் யார் வருவார், நின்றுவிட்டால் மிச்சக் காசு எப்போது கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

முதியோர் இல்லம் பற்றியும் வீட்டில் பேச்சு வந்தது. பார்க்க ஆளே இல்லாதவர்களுக்கு அது நல்ல வழிதான். அம்மா வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டார், அதோடு விட்டோம்.

மூன்றாவதாக வந்தவர் பக்கத்து லயத்துப் பெரியம்மா. பென்ஷன் வயதில் வேலையை விட்டவர், அம்மாவோடு முப்பது வருடம் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். காலை ஆறரை முதல் மாலை ஐந்து வரை இருப்பார். அண்ணி மலைக்குத் திரும்பினார். பெட்ஷீட் வித்தையை அண்ணிதான் பெரியம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். எங்களைப் போன்ற வீடுகளுக்கு இதுதான் சரியான வழி என்பேன். முடிந்தால் பயிற்சி பெற்றவர் ஒருவரை இரண்டு கிழமை மட்டும் அமர்த்தி, பக்கத்து வீட்டுக்காரரைக் கூடவே நிற்கவைத்துப் பழக்குங்கள். எங்களுக்கு அது அப்போது தோன்றவில்லை.

இதிலும் கவனம் வேண்டும். "தெரிந்தவர்தானே, வெற்றிலைச் செலவுக்கு ஏதாவது கொடுப்போம்" என்று தொடங்கினால் மூன்றாம் மாதம் மனக்கசப்பில் முடியும். மாதச் சம்பளம், ஞாயிறு லீவு, சாப்பாடு எல்லாம் முதல் நாளே பேசினோம். சம்பளத்தை அண்ணியின் சம்பள நாளிலேயே கையில் கொடுக்கிறோம். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் போடுவது, பிரஷர் குளிசையைக் கூட்டிக் குறைப்பது போன்றவற்றை அவர் தலையில் கட்டக்கூடாது. அவை ஆஸ்பத்திரி, கிளினிக் வேலை. சுவசெரிய அம்புலன்ஸின் 1990 இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதியிருக்கிறோம். சேவை இலவசம், ஆனால் எங்கள் லயம் வரை வாகனம் ஏறாது. அதனால் ரோட்டுக்குத் தூக்கிப்போக எந்த நான்கு பேரைக் கூப்பிடுவது என்பதும் அதன் கீழேயே இருக்கிறது.

மிச்சம் இரவு. அதற்கு ஆள் வைக்க எங்களால் முடியவில்லை. ஒருநாள் அண்ணி, ஒருநாள் அண்ணன், நான் வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் நான். முதல் தடவை அண்ணன் பேம்பர்ஸ் மாற்றியபோது அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இப்போது அம்மாவே இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து, புரண்டு கொடுக்கிறார்.