தங்கையின் பிரசவத்துக்காக ஊரில் எட்டு வாரங்கள்: கருத்தடைச் சேவைகள் குறித்து நான் கண்டவை

பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தில் வசிக்கும் நான், தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காகக் கடந்த தை மாதம் தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்று எட்டு வாரங்கள் தங்கியிருந்தேன். அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டதால் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமான அலைச்சல் முழுவதும் என் பொறுப்பாயிற்று. கருத்தடைச் சேவை நம் ஊரில் யாருக்கு எளிதில் கிடைக்கிறது, யார் அதற்காக அலைய வேண்டியிருக்கிறது என்பதை அந்த அலைச்சலில்தான் நேராகப் பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு வயது 27. முதல் குழந்தை சிசேரியன் என்பதால் இரண்டாவதும் அப்படியே என்று முடிவாகி, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில் படிவங்களோடு வந்த செவிலியர், "அப்படியே கு.க.வும் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார். கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் தங்கைக்கு இருந்தாலும், நிரந்தரமான அறுவையைச் சில ஆண்டுகள் கழித்துத் தீர்மானிக்கலாம் என்று அவளும் அவள் கணவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றாள். அரை மணி நேரத்தில் பணி மருத்துவர் வந்து அதையே கேட்டார். இரவு அவளுடைய மாமியாரை வெளியே அழைத்து, "நீங்க எடுத்துச் சொல்லுங்கம்மா, இன்னொரு தடவை வயிற்றைத் திறக்க வேண்டாம் பாருங்க" என்றார்கள். இன்னொரு முறை வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்பது நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று முறை கேட்டவர்களில் ஒருவர்கூட, "சரி, ஆபரேஷன் வேண்டாம் என்றால் அடுத்த குழந்தை உண்டாகாமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நானே எழுப்பினேன். பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியனாக இருந்தால் நஞ்சுக்கொடியை எடுத்தவுடனேயே, கருப்பைக்குள் வைக்கும் சிறு கருத்தடைச் சாதனமான காப்பர் டியை வைத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக நடக்கும் சாதாரண நடைமுறை அது. "இங்கே அது வழக்கமில்லை" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். தங்கை கு.க.வுக்குச் சம்மதித்திருந்தாலும் கணவரின் கையெழுத்து கட்டாயம் என்றார்கள். மத்திய அரசின் கருத்தடை அறுவைக்கான தர விதிகளில், அறுவை செய்துகொள்பவரின் கையெழுத்து மட்டுமே போதும், துணையின் சம்மதம் தேவையில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. திருமணமாகியிருக்க வேண்டும், பெண்ணின் வயது 22க்கும் 49க்கும் இடையில் இருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பவை அந்த விதிகள் கேட்கும் தகுதிகள். இதை எடுத்துச் சொன்னபோது, "எங்க ஆஸ்பத்திரி வழக்கம் இதுதான்" என்று பதில் வந்தது. நிறைமாத வயிற்றோடு படுத்திருந்த தங்கையின் முன்னால் அதற்கு மேல் வாதிட எனக்கு மனம் வரவில்லை.

கு.க. பண்ணிடலாமா என்ற இந்த ஒற்றைக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதைப் புள்ளிவிவரங்களிலேயே காணலாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் அது பாதிக்கும் மேல். ஆண்களுக்கான அறுவையோ நாடு முழுவதிலும் 0.3 சதவீதம்தான், தமிழ்நாட்டில் அதனினும் குறைவு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்ற நிலை வந்துவிட்டதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த எண்ணின் பெரும்பகுதி, இருபதுகளின் நடுவிலேயே அறுவை மேசையில் படுத்த பெண்களின் உடலில் எழுதப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை என்பதை இளையவர்கள் அறிய மாட்டார்கள். இந்தியா 1952இல் உலகிலேயே முதல் நாடாகத் தேசியக் குடும்பநலத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் அறுவை என்றால் பெரும்பாலும் ஆண்களுக்கான வாசக்டமிதான். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 63,000க்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு, அவர்களில் பெரும்பாலோர் ஆண்களே, இலக்கு வைத்தும் வற்புறுத்தியும் அறுவை செய்தபின் ஏற்பட்ட கோபத்தில் ஓர் அரசே கவிழ்ந்தது. அதன் பிறகு அரசுகள் ஆண்களை நெருங்கத் தயங்கின, சுமை ஏறக்குறைய முழுவதும் பெண்களின் பக்கம் சாய்ந்துவிட்டது. நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் பெண்களின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையைப் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று 1930களிலேயே பெரியார் பேசியது தமிழ்நாட்டில்தான். அந்த நோக்கில் பார்த்தால், பிள்ளை பெறுவதை நிறுத்துவது மட்டுமல்லாமல், எப்போது பெறுவது என்று தீர்மானிப்பதும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் கிடைக்காத ஆலோசனை, எதிர்பாராத விதமாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தது. பிரசவம் தனியாரில் நடந்தாலும், கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்குத் தரும் பிக்மி எண்ணை வாங்கியிருந்ததால், தங்கையின் பெயர் எங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இருந்தது. ஊரில் எல்லோரும் நர்சம்மா என்று அழைக்கும் அவர், குழந்தையின் எடையைப் பார்த்து, தங்கையின் தையலைப் பார்த்து, மாமியார் காபி போட உள்ளே சென்ற நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "என்ன முடிவு பண்ணியிருக்கம்மா?" என்று கேட்டார். அடுத்த இருபது நிமிடங்கள் அவர் பேசியதை நான் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தேன். தாய்ப்பால் கொடுப்பதால் மாலா-என் போன்ற சாதாரணக் கருத்தடை மாத்திரையை ஆறு மாதம் வரை தொடக்கூடாது என்றார். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பாலுக்குக் கெடுதல் இல்லை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று விரல்விட்டுச் சொன்னார். அந்தரா என்ற கருத்தடை ஊசியை ஆறு வாரத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும், மாதவிடாய் முன்பின்னாக வரும், சிலருக்கு நின்றே போகும், அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் ஊசியை நிறுத்திய பிறகு கரு உண்டாக ஏழிலிருந்து பத்து மாதம் ஆகலாம் என்றார். காப்பர் டி என்றால் 380ஏ வகை பத்து ஆண்டும் 375 வகை ஐந்து ஆண்டும் தாங்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்றார். எல்லாமே அரசில் இலவசம்.

நான் வாழும் நாட்டிலும் கருத்தடைச் சாதனங்கள் இலவசம்தான், ஆனால் காப்பர் டி வைக்க வாரக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆறாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை காப்பர் டி வைக்கத் தங்கையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அங்கிருந்த பெண் மருத்துவர் ஒரு ரப்பர் கருப்பை மாதிரியை மேசைமேல் வைத்து, டி வடிவச் சாதனம் எங்கே உட்காரும், நூல் எவ்வளவு நீளம் வெளியே இருக்கும் என்று காட்டி, தங்கையையே ஒருமுறை அந்த நூலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "இது நெஞ்சுக்கு ஏறிடுமாமே" என்று அவள் கேட்டதும், அவர் சிரிக்காமல், கருப்பை மூடிய பை என்பதை மாதிரியைத் திருப்பிக் காட்டி விளக்கினார். முதல் சில மாதங்களுக்கு உதிரப்போக்கும் வலியும் கூடுதலாக இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. பொறுமையாகப் பேசும் மருத்துவரை இலவசச் சேவையில் பார்த்தது எனக்கு மிகுந்த நிறைவளித்தது. குறை என்றால் ஒன்றுதான்: பரிசோதனை மேசையை மறைக்க வேண்டிய திரை பாதிவரைதான் இழுபட்டது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் தங்கை தன் துப்பட்டாவை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

இவ்வளவும் கிடைக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கிறது. அந்தச் சுகாதார நிலையத்தின் சுவரில் ஆணுறைப் பெட்டி ஒன்று தொங்குகிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. ஆனால் அது மாட்டப்பட்டிருப்பது புறநோயாளிகள் வரிசையாக உட்காரும் நீளப் பெஞ்சுக்கு நேர் மேலே. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் அதன் பக்கம் கை நீட்டவில்லை. அதைக் கழிப்பறை வழியிலோ மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்புறத்திலோ மாற்ற ஓர் ஆணியும் ஐந்து நிமிடமும் போதும். இதை மருத்துவரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

தங்கையின் கணவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். ஆண்களுக்கான அறுவையைப் பற்றி அவரிடம் பேச்செடுத்தது நான்தான். அவர் தயங்கியதற்குக் காரணம், மூட்டை தூக்க முடியாமல் போய்விடும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லி வைத்திருந்தது. கத்தியில்லாத வாசக்டமி, மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துளை வழியாகப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிவது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், தையல் கிடையாது, ஆண்மைக்கும் உடல் பலத்துக்கும் அதனால் குறையில்லை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. மூன்று மாதம் வேறு பாதுகாப்பைப் பயன்படுத்திவிட்டு, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று உறுதியான பின்னரே அதை நம்ப வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தமிழ்நாட்டில் செய்துகொள்பவருக்கு 1,100 ரூபாய் ஈட்டுத்தொகையும் தருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென இருவார விழாவே நடக்கிறது. அவர் இவற்றில் ஒன்றையும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பதிவேட்டோடு வீடு வீடாக வருபவர் பெண் ஊழியர், அவர் பேசுவதும் பெண்களிடம் மட்டுமே என்பதால், ஆண்களுக்குச் செய்தி போய்ச் சேரும் வழியே இல்லாமல் இருக்கிறது.

என்னை மிகவும் வருத்திய அனுபவம் சென்னையிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. திருமணமாகி ஆறு மாதமான என் சித்தி மகள், ஆணுறை கிழிந்துவிட்டதென்றும், அவசரக் கருத்தடை மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்றும் அழுதாள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்குப் பலன் அதிகம். 2005 முதல் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதிக்கப்பட்ட மருந்து அது. ஆனாலும் தமிழ்நாட்டுக் கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. அவளும் அவள் கணவரும் ஏறி இறங்கிய ஐந்து கடைகளில் மூன்றில் "நாங்க வைக்கிறதில்லை" என்றார்கள். ஒன்றில் டாக்டர் சீட்டு கேட்டார்கள். இன்னொன்றில், "கருவைக் கலைக்கிற மாத்திரையெல்லாம் இங்க தர மாட்டோம்மா" என்று, நின்றுகொண்டிருந்த மற்றவர்கள் காதில் விழும்படி சொன்னார்கள். கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு மருந்து, மருத்துவரின் மேற்பார்வையில் சட்டப்படி தரப்படுவது. அவசரக் கருத்தடை மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, உண்டாகிவிட்ட கர்ப்பத்தை அது கலைப்பதில்லை. மருந்து விற்பவருக்கே இந்த வேறுபாடு தெரியாத இடத்தில், ஒரு பெண் எத்தனை கடைகளில் நின்று விளக்க முடியும்? ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்து அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டபோது நாற்பது மணி நேரம் கடந்திருந்தது. ஐந்து நாட்களுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டாலும் கர்ப்பம் தடைபடும், அதுதான் இன்னும் உறுதியான வழி என்பதை அந்த மருத்துவர் சொன்ன பிறகே நாங்கள் அறிந்தோம்.

என் சித்தி மகளாவது தாலியோடு போய்க் கேட்டாள். திருமணமாகாத பெண்ணின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தைப் பொறுத்தவரை, திருமணமானவர் என்ற சொல்லை நீக்கி, "எந்தப் பெண்ணோ அவள் துணையோ" என்று விரித்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரை கருக்கலைப்பு செய்துகொள்ளும் வாய்ப்பிலும் திருமணமாகாதவர்களை விலக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கர்ப்பம் உண்டான பின் சட்டம் இவ்வளவு தூரம் துணை வருகிறது. கர்ப்பம் உண்டாகாமல் காக்கும் ஒற்றை மாத்திரைக்குக் கடைக்காரரின் மனம் இரங்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை அலமாரியில் வைக்கும்படி கடைகளுக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், இந்த நிலை பெரும்பாலும் மாறிவிடும் என்றே நம்புகிறேன்.

பிரசவத்துக்காக ஊர் செல்லும் அக்காமார்களும் அம்மாமார்களும் ஏழாம் எட்டாம் மாதத்திலேயே மருத்துவமனையில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: பிரசவத்தோடு காப்பர் டி வைப்பார்களா, வைக்க மாட்டார்கள் என்றால் எங்கே அனுப்புவார்கள். வலி வந்த பிறகு கேட்டால் கு.க. என்ற ஒரு பதில்தான் கிடைக்கும்.

சென்ற வாரம் தங்கை பேசினாள். மறுபரிசோதனையில் நூல் சரியாக இருக்கிறதாம், உதிரப்போக்கும் குறைந்துவிட்டதாம். ஆணுறைப் பெட்டி மருந்து தரும் சன்னலுக்குப் பக்கத்துச் சந்துக்கு மாறியிருக்கிறது என்றும், அவள் பார்த்த அன்று அது பாதி காலியாக இருந்தது என்றும் சொன்னாள்.